சின்ஜியாங்கின் நவீன வரலாறு: உரும்கிக்குப் போகாமலே ஆராய முடியுமா?

எம்.ஏ. வரலாறு முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: சீனாவின் வடமேற்கு எல்லைப் பகுதியான சின்ஜியாங்கின் (தலைநகர் உரும்கி) நவீன வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை, சீன மொழி தெரியாது, உருது ஓரளவு படிக்க வரும், அங்குள்ள காப்பகங்களுக்குள் நுழைய வழியில்லை, இந்தியாவில் இருந்தபடியே செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். சொல்லப்போனால், அந்தப் பகுதியின் 1870 முதல் 1950 வரையிலான ஆவணங்களில் கணிசமான பங்கு அங்கே இல்லை. டெல்லியிலும் லண்டனிலும் மாஸ்கோவிலும் தாஷ்கண்டிலும் தைபேயிலும் ஸ்வீடனின் லுண்ட் நகரத்திலும் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து அரசுகளும் பயந்து பயந்து நிறைய எழுதிவைத்திருக்கின்றன. எல்லைப் பகுதியை ஆராய்பவருக்கு இது வசதி. சிக்கலும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காப்பகமும் தன் எஜமானர் எதற்குப் பயந்தாரோ அதை மட்டும் விரிவாகச் சொல்லும், மற்றதைத் தாண்டிப் போய்விடும். அதனால் "எந்தக் காப்பகம்" என்று தொடங்காதீர்கள். இரண்டு காப்பகங்களாவது ஒரே ஆளைப் பற்றி, ஒரே ஊரைப் பற்றி, ஒரே வழக்கைப் பற்றிப் பேசும் இடம் எது என்று தேடுங்கள். ஆய்வுக் கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவை புரிய வேண்டும் இல்லையா. சீனாவை ஆண்ட ச்சிங் பேரரசு 1750களில் ஜுங்கர் மங்கோலியரை ஒழித்துவிட்டு 1759க்குள் தெற்கே உள்ள தாரிம் படுகையையும் பிடித்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1864இல், குச்சாவில் வெடித்த கிளர்ச்சி ஊர் ஊராகப் பரவியது. மறு ஆண்டு கோகந்திலிருந்து வந்த யாகூப் பெக் என்ற படைத்தலைவர் காஷ்கரில் காலூன்றி ஒரு தனி அரசையே நடத்தினார். ரஷ்யா 1872இலும் பிரிட்டன் 1874இலும் அவரோடு ஒப்பந்தம் போட்டன. 1877 மே மாதம் அவர் கோர்லாவில் இறந்தார். நஞ்சா, நோயா என்று இன்றுவரை வழக்கு ஓயவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ச்சிங் தளபதி ஸுவோ சோங்தாங்கின் படை காஷ்கருக்குள் நுழைந்துவிட்டது. இதற்கிடையே ரஷ்யா 1871இல் இலி பள்ளத்தாக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, 1881ஆம் ஆண்டின் பீட்டர்ஸ்பர்க் ஒப்பந்தப்படி பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. 1884இல் சின்ஜியாங் முறையான மாகாணம் ஆனது.

பேரரசு விழுந்த பிறகு 1912 முதல் 1928 வரை யாங் ஸெங்ஷின் ஆண்டார். பெய்ஜிங்கில் யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி நடந்த மனிதர். 1916இல் தன் எதிரிகள் இருவரை ஒரு விருந்தில் வைத்துத் தீர்த்துக்கட்டினார். 1928 ஜூலை 7 அன்று அவரையும் ஒரு விருந்தில்தான் சுட்டார்கள். அடுத்து வந்த ஜின் ஷுரென் 1930இல் ஹமியின் பழைய கான் பரம்பரையின் ஆட்சியை ஒழித்தார். அதன் விளைவாக 1931இல் அங்கே கிளர்ச்சி வெடித்தது. கான்சுவிலிருந்து மா ஜோங்யிங் என்ற இளம் தளபதி உள்ளே புகுந்தார். 1933 நவம்பரில் காஷ்கரில் ஒரு கிழக்குத் துருக்கிஸ்தான் குடியரசு அறிவிக்கப்பட்டு, சில மாதங்களில் டுங்கன் படைகளால், அதாவது சீன மொழி பேசும் முஸ்லிம்களின் படைகளால், நசுக்கப்பட்டது. உரும்கியில் ஷெங் ஷிசாய் 1933 முதல் 1944 வரை சோவியத் ஆதரவோடும், கடைசி இரண்டு ஆண்டுகள் சோவியத்தைப் பகைத்துக்கொண்டும் ஆண்டார். 1944 நவம்பரில் இலியில் இரண்டாவது குடியரசு. 1949இல் மக்கள் விடுதலைப் படை. 1955இல் உய்குர் தன்னாட்சிப் பகுதி; உய்குர் என்பது துருக்கிய மொழி பேசும் உள்ளூர் முஸ்லிம் மக்களின் பெயர்.

இந்த எலும்புக்கூட்டை ஜேம்ஸ் மில்வர்டின் பொது வரலாற்று நூலில் சதையோடு படிக்கலாம். யாகூப் பெக் காலத்துக்குக் கொரிய அறிஞர் கிம் ஹோடோங் எழுதியதைத் தாண்டி யாரும் பெரிதாகப் போய்விடவில்லை. துருக்கி, பாரசீக, சீன, ரஷ்ய மூலங்களை ஒரே மேசையில் வைத்து எப்படி ஒப்பிடுவது என்பதற்கு அதுவே நல்ல பாடம். உய்குர் தேசிய உணர்வு ரஷ்ய-சீன எல்லையின் இரு புறமும் எப்படி உருவானது என்பதற்கு டேவிட் பிரோஃபி. இந்த மூன்றும் போதும். முதல் ஆண்டிலேயே முப்பது புத்தகம் படிக்கிறேன் என்று கிளம்பினால் காப்பகத்துக்கே போக மாட்டீர்கள்.

இனி டெல்லி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதுதான் பொற்சுரங்கம், ஆனாலும் சின்ஜியாங் ஆய்வாளர்கள் பலர் லண்டனோடு நின்றுவிடுகிறார்கள். ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் இந்திய வெளியுறவுத் துறையின் நடவடிக்கைக் கோப்புகள் இருக்கின்றன. யாகூப் பெக்கிடம் சென்ற, ஃபோர்சித் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தலைமையிலான தூதுக்குழுவின் 1873-74 பயணம் தொடங்கி, காஷ்கர் பிரிட்டிஷ் தூதரகத்தின் கடைசிக் காலம் வரை அங்கே பார்க்கலாம். ஒரு பகுதியை அபிலேக் படல் என்ற இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். தேடுபொறி சுமார்தான். ஒரே ஊர்ப் பெயரை நான்கு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும்.

காஷ்கர் கோப்புகள் ஏன் இவ்வளவு வளமாக இருக்கின்றன என்பதற்கு ஒரு மனிதர் காரணம்: ஜார்ஜ் மெக்கார்ட்னி. தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் சீனர், பிறந்தது நாஞ்சிங்கில். 1890இல் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டின் மொழிபெயர்ப்பாளராகக் காஷ்கர் போனவர் 1918 வரை அங்கேயே இருந்தார். நெடுங்காலம் அவருக்குத் தூதர் என்ற அந்தஸ்தே கிடையாது. காகிதத்தில் அவர் காஷ்மீர் ரெசிடெண்டின், அதாவது அங்கிருந்த பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியின், சீன விவகாரச் சிறப்பு உதவியாளர், அவ்வளவுதான். எதிரே ரஷ்யத் தூதர் நிகோலாய் பெத்ரோவ்ஸ்கி, 1882 முதல் 1903 வரை அந்த ஊரையே ஆட்டிப் படைத்தவர். சில ஆண்டுகள் மெக்கார்ட்னியோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. பதவிப் பெயரில் இருந்த இந்தச் சின்ன விஷயம் உங்களுக்கு மிக முக்கியம். மெக்கார்ட்னியின் அறிக்கைகள் ஸ்ரீநகர் வழியாகத்தான் மேலே போயின. அதனால் வெளியுறவுத் துறைக் கோப்புகளோடு காஷ்மீர் ரெசிடென்சிக் கோப்புகளையும் தேடுங்கள். மேலே போகும்போது கழித்துக்கட்டப்பட்ட விவரங்கள் சில நேரம் அங்கே தங்கியிருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் வகுப்பில் சொல்லித்தருவதில்லை. வெளியுறவுத் துறைக் கோப்புகளில் "கே.டபிள்யூ." என்று குறித்த இணைப்புகள் இருக்கும். கோப்போடு சேர்த்து வைக்க வேண்டிய உள்குறிப்புகள் அவை. அச்சிட்ட கடிதத்தில் "மேன்மைதங்கிய அரசு இதைக் கவனமாகப் பரிசீலித்தது" என்று இருக்கும்; குறிப்பில் ஒரு துணைச் செயலர் "இந்த ஆள் மறுபடியும் மிகைப்படுத்துகிறார்" என்ற தொனியில் எழுதியிருப்பார், இன்னொருவர் அதை மறுத்திருப்பார். லண்டனுக்குப் பெரும்பாலும் முடிவுதான் போனது, வாதம் டெல்லியில் தங்கிவிட்டது. அதேபோல் "பி" வகைக் கோப்புகள். அச்சிடும் அளவுக்கு முக்கியமில்லை என்று அன்றைய அதிகாரி ஒதுக்கியவை இவை. ஒரு வியாபாரியின் கடன் மனு, ஒரு விதவையின் சொத்துத் தகராறு, எல்லையில் பறிபோன குதிரைகள் எல்லாம் இங்கேதான் வந்து விழுந்தன. சமூக வரலாறு எழுத நினைத்தால் முதலில் இந்த வகையைக் கேளுங்கள். ஆண்டுதோறும் அச்சிட்ட பெயர் அட்டவணைத் தொகுதிகளைப் பொறுமையாகப் புரட்டினால் இணையத் தேடலில் சிக்காதவை நிறையச் சிக்கும்.

அந்தக் கோப்புகளில் யார் வருகிறார்கள்? இந்தியர்கள் நிறைய வருகிறார்கள். லே நகரிலிருந்து காரகோரம் கணவாய் தாண்டி யார்கண்ட் போகும் பாதையில் பஞ்சாபி, காஷ்மீரி வியாபாரிகள் துணியும் தேயிலையும் கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது பட்டும் கம்பளமும், முக்கியமாகச் சரஸும் வந்தது. சரஸ் என்றால் கஞ்சாப் பிசின். யார்கண்ட் சரஸ் பஞ்சாபில் வரி கட்டி விற்கப்பட்ட சட்டபூர்வமான சரக்கு. 1893-94இல் அமைந்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கையில்கூட அதைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம். அப்புறம் சிந்துவின் ஷிகார்பூரிலிருந்து போன இந்து வட்டிக்காரர்கள். காஷ்கரிலும் யார்கண்டிலும் கிராமம் கிராமமாகக் கடன் கொடுத்துவிட்டு, வசூலாகாதபோது பிரிட்டிஷ் பிரஜை என்று சொல்லித் தூதரகத்தின் வாசலில் நின்றார்கள். தூதருக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அங்கே தூதரகம் எதற்கு என்ற கேள்வி வரும். இந்த இரட்டை நிலை கோப்புகளில் பளிச்சென்று தெரிகிறது.

அதனால் ஒரு தலைப்பைச் சொல் என்று நீங்கள் என்னைக் கேட்டால், "சின்ஜியாங்கில் யார் யாருடைய பிரஜை" என்பதைச் சொல்வேன். 1881 ஒப்பந்தம் ரஷ்யப் பிரஜைகளுக்கு வரியில்லா வணிகம் கொடுத்தது. பிரிட்டிஷ் பிரஜைகளும் அதே சலுகையை நடைமுறையில் அனுபவித்தார்கள். அயல்நாட்டுப் பிரஜை என்றால் சீன நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம், சீன வரி கட்ட வேண்டாம். யாருக்குத்தான் ஆசை வராது? தாத்தா ரஷ்ய ஆட்சியில் இருந்த ஆண்டிஜானிலிருந்து வந்தார், மாமனார் காஷ்மீரி என்று சொல்லிப் பதிவு செய்துகொள்ளப் போட்டி. இரண்டு தூதரகங்களும் ஊர் ஊராக "அக்சக்கால்" என்ற வணிகர் தலைவர்களை நியமித்திருந்தன. பதிவு அவர்கள் கையில். ஆளுநர் யாங் ஸெங்ஷினுக்கு இது தலைவலி, தூதர்களுக்கு இது செல்வாக்கு, பதிவு செய்துகொண்டவருக்கு வரி மிச்சம்.

இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1912 ஜூனில் தெற்கே உள்ள கோத்தான் நகரத்துக்குக் கிழக்கே சிரா என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். சையத் ஹாஜி என்ற ரஷ்ய அக்சக்கால் உள்ளூர்க்காரர்களை வரிசையாக ரஷ்யப் பிரஜைகளாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். தகராறு முற்றி, ஷியோங் காவோஷெங் என்பவரின் தலைமையில் திரண்ட கூட்டம் அவருடைய வீட்டைச் சூழ்ந்து தீ வைத்தது. உள்ளே இருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரஷ்யத் தரப்புக்கு இது பிரஜைகள் படுகொலை. காஷ்கரில் படையை வைத்துக்கொள்ள அது நல்ல காரணம் ஆனது. சீனத் தரப்புக்குக் கேள்வியே வேறு: செத்தவர்கள் உண்மையில் ரஷ்யப் பிரஜைகளா, போலிப் பதிவா? மெக்கார்ட்னியின் கவலை இன்னொன்று, இதைச் சாக்காக வைத்து ரஷ்யா தெற்கே இன்னும் எவ்வளவு தூரம் வரும்? பிற்காலச் சீன நூல்களில் ஷியோங் காவோஷெங் ஏகாதிபத்திய எதிர்ப்பு வீரர் ஆகிவிட்டார். இத்தனைக்கும் நடுவே, அந்த வீட்டுக்குள் இருந்த விவசாயி ஏன் ரஷ்யப் பிரஜையாக விரும்பினார் என்பதை யாருமே பிரதானமாகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம். வரிப் பட்டியல், நிலத் தகராறு, தண்ணீர் முறை, பெக் எனப்படும் உள்ளூர் அதிகாரிகளின் பரம்பரை அதிகாரம் என்று அது உங்களை ஊருக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் அரசியல், ரகசியத் துறைக் கோப்புகளைப் பாருங்கள். கோப்பு வரிசை எண்களில் எல்/பி அண்ட் எஸ்/7 என்பது 1875 முதல் 1911 வரை, 10 என்பது ஏறத்தாழ 1930 வரை, 12 என்பது அதற்குப் பிறகு 1950 வரை. காஷ்கர் நாட்குறிப்புகள் எனப்படும் வழக்கமான அறிக்கைகள் இவற்றில் உள்ளன. 1930களின் கலவரக் காலத்துக்கு இவை தவிர்க்க முடியாதவை. தூதர் எழுதிய அரசியல் ஆரூடங்களை நம்பிவிடாதீர்கள், அவற்றில் பாதி பலிக்கவில்லை. எந்தக் கணவாய் எப்போது திறந்தது, கோதுமை என்ன விலை, யார் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதுதான் நம்பகமானது. பொய் சொல்ல அங்கே அவருக்குக் காரணமில்லை.

ரஷ்ய மொழியா, சீனமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 1917க்கு முந்தைய காலம், பிரஜை உரிமை, வணிகம் என்று போனால் ரஷ்யன். மாஸ்கோவின் பேரரசு வெளியுறவுக் காப்பகத்தில் தூதரக அறிக்கைகள், தாஷ்கண்டில் துருக்கிஸ்தான் கவர்னர் ஜெனரலின் கோப்புகள், அல்மாத்தியில் இலி எல்லைப் பக்கத்து விவகாரங்கள். 1916இல் ரஷ்ய மத்திய ஆசியாவில் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது கசாக்குகளும் கிர்கிஸ்களும் பெருங்கூட்டமாக மலை தாண்டி சின்ஜியாங்குக்குள் ஓடிவந்தார்கள். அந்தக் கதையை எழுத அல்மாத்தியும் பிஷ்கெக்கும் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு மத்திய ஆசியக் காப்பகங்களுக்குப் போவது மேற்கத்திய ஆய்வாளர்கள் நினைப்பதைவிட எளிது. ஆனால் அனுமதிக் கடிதத்துக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றின் கையெழுத்து இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ரஷ்யன் வரும்வரை 1940களைத் தொட ஆசைப்பட்டால், வாஷிங்டனின் வில்சன் மையம் தன் இணையக் காப்பகத்தில் சின்ஜியாங் பற்றிய சோவியத் ஆவணங்கள் பலவற்றை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. இலி குடியரசின் பின்னால் மாஸ்கோ எவ்வளவு தூரம் இருந்தது என்ற நெடுநாள் விவாதத்துக்கு அவை பதில் சொல்கின்றன: வெகுதூரம் இருந்தது. அதோடு உரும்கியில் 1943இல் திறந்த அமெரிக்கத் தூதரகத்தின் அறிக்கைகளையும் வைத்துப் படிக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை அச்சிட்ட தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டுமே யாரோ ஒருவர் பொறுக்கி எடுத்தவை. இரண்டும் சேர்ந்தால் இலி கிளர்ச்சி முழுக்க முழுக்க வல்லரசுகளின் சதுரங்கம் போலத் தெரியும். ஷெங் ஷிசாய் காலத்துக் கைதுகளும், குதிரைகளைக் கொடு என்று கடைசியில் போட்ட கட்டாய உத்தரவும் மக்களை எவ்வளவு கொதிக்க வைத்திருந்தன என்பது அவற்றில் அடங்கிப் போய்விடும்.

சீனப் பக்கம் கதவு முழுக்க மூடவில்லை. சின்ஜியாங் காப்பகங்கள் வெளிநாட்டு ஆய்வாளருக்கு நடைமுறையில் கிடையாது என்பது சரி. ஆனால் சீனாவிலேயே 2012இல் இரண்டு பிரம்மாண்டத் தொகுப்புகள் வந்தன. மஞ்சு மொழி ஆவணங்கள் 283 தொகுதி, சீன மொழியில் ச்சிங் கால சின்ஜியாங் ஆவணங்கள் 91 தொகுதி. பின்னதில் துர்பான் உள்ளூர் அலுவலகத்தின் வழக்குகள்தான் பெரும்பகுதி. கடன், கல்யாணம், கால்வாய்த் தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. குடியரசுக் காலத்துக்குத் தைபே. அங்குள்ள தேசிய வரலாற்று நிறுவனமும், அகாடெமியா சினிகாவின் நவீன வரலாற்றுக் கழகமும் ஆவணங்களைப் பெருமளவு இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. யாங் ஸெங்ஷின் தன் அலுவலகக் கடிதங்களைத் தானே தொகுத்து அச்சிட்டுவிட்டார். தனக்கு எது பெருமையோ அதைத்தான் சேர்த்தார், சரி. ஆனாலும் இவ்வளவு பேசிய ஆளுநர் அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

இப்போது ஊர்க்காரர்களின் குரல். உங்கள் உருது இங்கேதான் கைகொடுக்கும், ஏனென்றால் எழுத்து பழகியிருக்கும். அந்தக் காலத்தில் அங்கே எழுத்து மொழியாக இருந்த சகதாய் துருக்கியின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டால் போதும். முதலில் முல்லா மூசா சய்ராமி. 1864 கிளர்ச்சியில் இளைஞராகப் பங்கெடுத்து, பிறகு யாகூப் பெக்கின் அரசில் வேலை பார்த்து, ச்சிங் திரும்பி வந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து வரலாறு எழுதியவர். 1903இல் ஒரு வடிவம். அது 1905இல் கசானில் அச்சானது. 1908இல் திருத்திய இன்னொரு வடிவம், "தாரீகே ஹமீதி". யாகூப் பெக்கைப் புகழவும் செய்கிறார், வரிக்கொடுமையைச் சொல்லவும் தயங்கவில்லை. சீனப் பேரரசர் மீதும் அவருக்கு ஒருவகை மரியாதை இருந்தது, கிளர்ச்சியையோ உப்புக்கு இழைத்த துரோகம் என்ற கணக்கில் பார்க்கிறார். இன்றைய தேசியவாத வாசகர்கள் இரு தரப்பிலும் அவரை அப்படியே விழுங்க முடியாமல் தவிப்பது இதனால்தான். இந்த 1908 வடிவம் 2023இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது, எரிக் ஷ்லூசெலின் மொழிபெயர்ப்பு. அதை முதல் மாதமே படியுங்கள்.

அடுத்து லுண்ட். காஷ்கரில் 1890களிலிருந்து 1938 வரை ஸ்வீடிஷ் மிஷனரிகள் இருந்தார்கள். மதம் மாறியவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் வைத்த அச்சகம் பெரிய காரியம் செய்தது. 1933 குடியரசின் செய்தித்தாள் அதில்தான் அச்சானது. குன்னார் யாரிங் என்ற ஸ்வீடன் இளைஞர் 1929-30இல் மொழி ஆய்வுக்காகக் காஷ்கர் போய்க் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்தார். பின்னாளில் தூதரானார். சுதந்திர இந்தியாவில் ஸ்வீடனின் பிரதிநிதியாக இருந்ததும், 1957இல் காஷ்மீர் விவகாரத்துக்காக ஐ.நா. அனுப்பியதும் இவரைத்தான். அவருடைய தொகுப்பு இப்போது லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளை எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், பைசா செலவில்லை. பீர்கள் எனப்படும் சூஃபி குருமாரின் வரலாறு, கைத்தொழில் செய்வோரின் வழிபாட்டுக் கையேடு, மருத்துவம், கடன் பத்திரம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இவற்றில் அரசியல் தேடினால் ஏமாறுவீர்கள்.

நினைவுக் குறிப்புகளைப் பற்றி ஒரு பத்தி. 1949க்குப் பிறகு சீன அரசியல் ஆலோசனை மாநாட்டு அமைப்புகள் முதியவர்களின் நினைவுகளைத் திரட்டித் தொடர்ந்து வெளியிட்டன, சீனத்திலும் உய்குரிலும். புர்ஹான் ஷஹீதி, சைஃபுத்தீன் அஜீஸி போன்ற பெரிய தலைகளும் எழுதினார்கள். மறுபுறம் நாடு கடந்து போன முகமது அமீன் புக்ரா 1934க்குப் பிறகு காபூலில் உட்கார்ந்து எழுதிய வரலாறு, துருக்கியில் வாழ்ந்த ஈசா யூசுஃப் அல்ப்தெகினின் நினைவுகள். ஒரே கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் இரண்டு முகாமிலிருந்து எழுதியிருப்பார்கள். எந்த ஆண்டு எழுதினார், அப்போது யாருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள். தேதிகளை இவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது. ரஷ்யப் பேரரசின் ஆவணங்கள் ஜூலியன் நாட்காட்டியில் இருக்கும்: 19ஆம் நூற்றாண்டில் 12 நாள், 20இல் 13 நாள் பின்தங்கியிருக்கும். பீட்டர்ஸ்பர்க் ஒப்பந்தம் ரஷ்யக் கணக்கில் பிப்ரவரி 12, நம் கணக்கில் பிப்ரவரி 24. சய்ராமி ஹிஜ்ரி ஆண்டு போடுவார். சீன ஆவணத்தில் பேரரசர் ஆண்டும் சந்திர மாதமும் இருக்கும், 1912க்குப் பிறகு குடியரசு ஆண்டு. ஊர்ப் பெயர்களும் அப்படியே: உரும்கி சீனக் காகிதத்தில் 1954 வரை திஹுவா, குல்ஜாதான் யினிங், யார்கண்ட் ஷாசே, ஹமி துருக்கியில் குமுல். மக்களின் பெயரும் நிலையாக இருக்காது. "உய்குர்" என்று மட்டும் தேடினால் 1930களுக்கு முன் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. காஷ்கரி, துர்க்கி, சார்ட், தாராஞ்சி என்றெல்லாம் தேடுங்கள். முதல் வாரமே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. இந்த வரலாற்றில் சும்மா ஒரு பெயரை உச்சரித்தாலே ஏதோ ஒரு பக்கம் சாய்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பெய்ஜிங் 2003இலும் 2019இலும் வெளியிட்ட வெள்ளை அறிக்கைகள் சின்ஜியாங் பண்டைக் காலம் முதலே சீனாவின் பகுதி என்கின்றன. நாடு கடந்த உய்குர் எழுத்தாளர்களில் பலர் சில ஆயிரம் ஆண்டு இடைவிடாத உய்குர் தேசம் என்கிறார்கள். அரசியல் அதிகாரம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் ஆய்வுக் கேள்வியாக "இது யாருடைய நிலம்" என்பதை எடுத்தால் ஆவணத்தைப் படிப்பதற்கு முன்பே விடை தெரிந்துவிடும், முனைவர் பட்டம் தேவையில்லை.

அங்குள்ள யாரையும் நேரடியாகத் தொடர்புகொண்டு நேர்காணல் எடுக்க நினைக்காதீர்கள். ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் ஒரு செய்திகூட அவர்களுக்கு வினையாகலாம். உரும்கியில் பணியாற்றிய புகழ்பெற்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ரஹிலே தாவுத் 2017 இறுதியில் காணாமல் போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் வெளியே உறுதியானது. அல்மாத்தியிலும் இஸ்தான்புலிலும் உள்ள முதியவர்களிடம் பேசலாம். அங்கேயும் அவர்களின் உறவினர் ஊரில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டு, பெயரை மாற்றி எழுதுங்கள்.

1949க்குப் பிறகான காலத்தை எடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். முதல் ஆய்வுக்கு வேண்டாம். 1962இல் இலி, தாச்செங் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் எல்லை தாண்டிச் சோவியத் கசகஸ்தானுக்குப் போனது போன்ற நிகழ்வுகள் ஈர்க்கும், ஆனால் அதற்கு ரஷ்யன், சீனம் இரண்டும் சரளமாக வேண்டும். இந்தியாவிலிருந்து கைக்கு எட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1941இல் திபெத் வழியாக லடாக்கில் வந்து இறங்கிய கசாக் அகதிகள், 1949-50இல் லேவுக்கும் ஸ்ரீநகருக்கும் வந்த உய்குர்கள், 1950களில் அவர்களில் பலர் துருக்கிக்குப் போனது. இதற்கான கோப்புகளை டெல்லியிலேயே தேடத் தொடங்கலாம். வெளியுறவுத் துறை, மாநிலங்கள் துறை இரண்டிலும் பாருங்கள். நேர்காணலுக்கு இஸ்தான்புல் இருக்கிறது.

ஆக, இந்த ஆண்டு செய்ய வேண்டியது: காலையில் ரஷ்யன் வகுப்பு, மாலையில் அபிலேக் படலில் "அக்சக்கால்", "யார்கண்ட்", "பிரிட்டிஷ் பிரஜைகள்" என்று தேடல். ஒரே பெயர் ஐந்து கோப்புகளில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரில் போய் அந்தக் கோப்புகளின் கே.டபிள்யூ. இணைப்புகளைக் கேளுங்கள். "கிடைக்கவில்லை" என்று சீட்டு திரும்பி வந்தால் மறுநாள் மறுபடி எழுதிப் போடுங்கள். இரண்டாம் முறை வந்துவிடுவது உண்டு.